ஃபைட்டர் படுத்துட்டாரா? பதறாதீங்க பாஸ்!

நாய்க்கு உடம்பு முடியலைன்னா மூலையில போய் படுத்துக்கும். பூனைக்கு முடியலைன்னா பாலை மோந்து பார்த்துட்டுப் போயிடும். மீனுக்கு முடியலைன்னா? அது எப்பவும் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்கும். நமக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள் கழிச்சு மிதக்கும்போதுதான், 'அடடா, அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சே'ன்னு உறைக்கும்.

முதல் முதலா மீன் வளர்க்கிறவங்க கைக்கு நம்ம ஊர்ல வந்து சேர்றது பெரும்பாலும் ஃபைட்டர் மீன்தான். புத்தகத்துல 'பெட்டா'ன்னு போட்டிருப்பாங்க. கடையில சின்னச் சின்ன பிளாஸ்டிக் டம்ளர்ல அடுக்கி வெச்சிருப்பாங்களே... நீலம், சிவப்புன்னு புடவை முந்தானை மாதிரி வாலை விரிச்சுக்கிட்டு, அவரேதான். விலை கம்மி. தனியா இருப்பார். மோட்டார் வேண்டாம், கண்ணாடிக் கிண்ணம் போதும்னு கடைக்காரர் சொல்லுவார். காலேஜ் பையன் பாக்கெட் மணிக்கு இதைவிட என்ன வேணும்?

அதனாலேயே முதல்ல நோயில விழறவரும் இவர்தான்.

எங்க வீட்டுக்கு ஒரு ஃபைட்டர் வந்தார். காசு கொடுத்து வாங்கினது இல்லை. மயிலாப்பூர்ல தெற்கு மாட வீதிக்குப் பின்னால ஒரு பழைய ஃபிளாட்ல இருக்கோம். எதிர் வீட்டு அண்ணனுக்கு புனேயில வேலை கிடைச்சது. போற அன்னைக்குக் காலையில கையில ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோட வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக்கடா"ன்னார். மார்கழி மாசம். தெருவுல பஜனை கோஷ்டி போய்க்கிட்டு இருக்கு. கிண்ணத்துக்குள்ள கருநீலத்துல ஒரு ஃபைட்டர். ஆனா ஃபைட் எதுவும் இல்லை. அடியில, கண்ணாடியில சாய்ஞ்சு கிடந்தார். துடுப்பெல்லாம் நனைஞ்ச குடை மாதிரி உடம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வால் ஓரம் பழுப்பு நிறத்துல கிழிஞ்சு தொங்கிச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை முக்கி முனகி மேல வந்து ஒரு வாய் காத்து, மறுபடி கீழே. சாப்பாடு போட்டா திரும்பிக்கூட பார்க்கலை.

"ஒரு வாரமா இப்படித்தான்டா இருக்கு"ன்னு சொல்லிட்டு அண்ணன் ஆட்டோ ஏறிட்டார். பாவம், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கடையில அவருக்கு என்ன சொன்னாங்களோ அதைத்தான் செஞ்சார். நான் மீனுக்கு 'சண்டியர்'னு பேர் வெச்சேன். அப்படிக் கூப்பிட்டாலாவது எழுந்திருப்பாரோன்னு ஒரு நப்பாசை!

ஆளுக்கு ஒரு வைத்தியம்

மயிலாப்பூர்ல இட்லி மாவுக்கும் கச்சேரிக்கும் மட்டுமில்லை பாஸ், மீன் வைத்தியத்துக்கும் எல்லார்கிட்டயும் அபிப்பிராயம் இருக்கு.

பாட்டி சொன்னாங்க: "ஏண்டா, கொஞ்சம் பொரி போட்டுப் பாரேன். கோயில் குளத்துல போட்டா எப்படி ஓடி வரதுகள்!" கீழ் வீட்டு மாமா, "மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, புண்ணு ஆறிடும்"னார். காலேஜ் நண்பன் ஒருத்தன், "மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கி உடைச்சுப் போடு மச்சி"ன்னான். ஒரு மீன் கடையில நீலத்துல ஒரு பாட்டில், மஞ்சள்ல ஒரு பாட்டில் கொடுத்து, "ரெண்டுலயும் பத்து பத்து சொட்டு விடுங்க"ன்னாங்க. என்ன நோய்னு யாரும் கேட்கலை.

அம்மா மட்டும் வேற மாதிரி சொன்னாங்க: "கஷ்டப்படுதுடா. குளத்துல கொண்டு போய் விட்டுடு. பிழைச்சா பிழைக்கட்டும்."

அந்த நேரத்துல மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தாங்க. ராணி மேரி கல்லூரியில விலங்கியல் படிச்சவங்க, வீட்டுல அஞ்சாறு வருஷமா தொட்டி வெச்சிருக்காங்க. மேஜையில வரிசையா நின்ன பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "எல்லாம் இருக்கட்டும். இது என்ன தண்ணி? எப்ப மாத்தினது?"

எனக்குப் பதில் தெரியலை. அண்ணனுக்கு போன் போட்டா, "பத்து நாள் இருக்கும்டா"ன்னார். ரெண்டு லிட்டர் தண்ணி. பத்து நாள். அக்கா கொளத்தூர்ல வாங்கின டெஸ்ட் கிட்டை எடுத்துட்டு வந்தாங்க. வண்ண மீன்னாலே நம்ம சிட்டிக்கு கொளத்தூர்தானே! குழாய்ல கொஞ்சம் தண்ணி எடுத்து சொட்டு மருந்து விட்டு ஆட்டினாங்க. மஞ்சளாவே இருந்தா அமோனியா இல்லைன்னு அர்த்தம். எங்களுக்கு வந்தது நல்ல கரும்பச்சை.

நோய் மீனுக்கா, தண்ணிக்கா?

இங்கதான் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. ஓடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

மீன் வெளியேத்துற கழிவுல முக்கியமானது அமோனியா. பெரும்பகுதி செவுள் வழியாவே வெளிய வரும். ஆத்துலயும் ஏரியிலயும் அது கரைஞ்சு போயிடும். அங்க இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், வேற பாக்டீரியா அதை அவ்வளவா தொந்தரவு பண்ணாத நைட்ரேட் ஆக்கும். ஃபில்டர் வெச்ச தொட்டியில அந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சுலதான் குடியிருக்கும். புதுத் தொட்டியில அது தேவையான அளவுக்குப் பெருகவே நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். கண்ணாடிக் கிண்ணத்துல? அதுக்கு வீடே கிடையாது. அப்போ மீன் தன்னோட கழிவுலேயே நாள் முழுக்க மூச்சு விடணும்.

இன்னொரு விஷயம். அமோனியா எல்லாம் ஒரே மாதிரி விஷம் இல்லை. தண்ணியோட பி.ஹெச். ஏற ஏற விஷமான பகுதி கூடும். பி.ஹெச். 7-லேர்ந்து 8-க்குப் போனா கிட்டத்தட்ட 10 மடங்கு! சூடு கூடினாலும் ஏறும். சென்னையில பல வீட்டு போர் தண்ணி 7-க்கு மேலதான். வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா? வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துட்டு 'அவங்க கிண்ணத்துல நல்லாத்தானே இருக்கு'ன்னு நாம நினைக்கிறது இதனாலயும் சரிப்பட்டு வராது.

அமோனியா செவுளையும் தோலையும் அரிக்கும். மீனோட எதிர்ப்பு சக்தி இறங்கும். தண்ணியில எப்பவுமே இருக்கிற சாதாரண பாக்டீரியா அப்பத்தான் துடுப்புல கைவைக்கும். சண்டியருக்கு வந்த 'துடுப்பு அழுகல்' இப்படி வந்ததுதான். "வால் அழுகினது ரெண்டாவது நோய்டா. முதல் நோய் தண்ணிக்கு"ன்னாங்க அக்கா. அந்தத் தண்ணியிலேயே நீல மருந்தை விட்டா? மீன் அதே அமோனியாவுல, நீலக் கலர்ல கிடக்கும். அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் கதையையும் இங்கேயே முடிச்சுடலாம். அது டாக்டர் சீட்டோட வாங்க வேண்டிய மருந்து. ஒட்டுண்ணிக்கும் பூஞ்சைக்கும் அது வேலை செய்யாது. ஃபில்டர்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் காலி பண்ணலாம். அப்புறம் அந்தத் தண்ணியை எங்க கொட்டுவோம்? சாக்கடையில. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக நாமளும் ஒரு கை கொடுத்த மாதிரி ஆயிடும்.

பன்னிரண்டு நாள் டூட்டி

அக்கா போட்டுக் கொடுத்த திட்டம் ரொம்ப சிம்பிள். ஒரு அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. தினமும் சாயங்காலம் பாதித் தண்ணி எடுத்து, பாதி புதுசு. கூழாங்கல் வேண்டாம், பொம்மை வேண்டாம், பிளாஸ்டிக் செடி வேண்டாம். அடியில கழிவு கிடந்தா கண்ணுக்குத் தெரியணும்.

புதுத் தண்ணின்னா குழாயைத் திறந்து அப்படியே ஊத்தறது இல்லை. எங்க ஃபிளாட் சம்ப்புல மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணி, போர் எல்லாம் கலந்து கிடக்கும். இன்னைக்கு குளோரின் வாசனை மூக்கைத் துளைக்கும், நாளைக்கு ஒண்ணும் தெரியாது. நமக்குக் கிருமியைக் கொல்ற குளோரின் மீனோட செவுளையும் பொசுக்கும். முதல் நாளே பக்கெட்டுல பிடிச்சு திறந்து வெச்சா பெரும்பாலும் பறந்துடும். அவசரம்னா மீன் கடையில 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து இருக்கு. அதுல வழக்கமா இருக்கிறது சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் ரோல் காலத்துல ஃபோட்டோ ஸ்டுடியோவுல 'ஹைப்போ'ன்னு சொன்னது இதைத்தான். ஆர்.ஓ. தண்ணி சுத்தம்னு அதை மட்டுமே ஊத்தக் கூடாது. மீனுக்குத் தேவையான தாது உப்பையும் அது வடிகட்டிடும்.

அடுத்தது சூடு. ஃபைட்டருக்கு 25-லேர்ந்து 28 டிகிரி வேணும். சென்னையில வருஷத்துல பாதி நாள் ஹீட்டரே தேவையில்லை. ஆனா மார்கழி விடியக்காலையில எங்க கிண்ணம் 22 காட்டுச்சு. ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடுற ரூம்லயும் இதே கதைதான். சின்ன டப்பாவுக்குள்ள ஹீட்டரை நேரா வெச்சா மீன் வெந்துடும். அதனால ஒரு பெரிய டப்புல தண்ணி ஊத்தி, அதுல ஹீட்டரைப் போட்டு, நடுவுல சண்டியரோட டப்பாவை இறக்கினோம். அம்மா பால் பாத்திரத்தை வெந்நீர்ல வைப்பாங்களே, அதே டெக்னிக். தண்ணியில கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கணும். இதை மறக்கவே கூடாது!

மருந்துன்னு முதல்ல போட்டது ஒரு காய்ஞ்ச இலை. லஸ் பக்கம் தெரு ஓரத்துல பார்த்திருப்பீங்க, குடை குடையா அடுக்கி நிக்கும் வாதாங்கொட்டை மரம். உதிர்றதுக்கு முன்னாடி இலை செக்கச் செவேல்னு ஆகும். தாய்லாந்துல ஃபைட்டர் வளர்க்கிறவங்க இந்த இலையைத்தான் தண்ணியில ஊற வைப்பாங்க. டானின் இறங்கி, தண்ணி லைட்டா டீ கலர் ஆகும், பி.ஹெச். கொஞ்சம் இறங்கலாம், சில கிருமிகளையும் கட்டுப்படுத்தும். தானா உதிர்ந்து காய்ஞ்ச இலையா, புகை, பூச்சிமருந்து படாத இடமாப் பார்த்து எடுத்து நல்லா கழுவிப் போடணும். ஆனா தண்ணி மாத்தாம இலையை மட்டும் போட்டா அது வைத்தியம் இல்லை, டெக்கரேஷன்.

முதல் நாள், ரெண்டாவது நாள், மூணாவது நாள்... சண்டியர் அதே மாதிரிதான் கிடந்தார். சாப்பாடு வேண்டாம்னுட்டார். எனக்கு அது வரைக்கும் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட அப்படி மனசு அடிச்சுக்கிட்டது கிடையாது. நாலாவது நாள் ராத்திரி கை பரபரன்னுச்சு. மேஜையில நீல பாட்டில் நிக்குது. "அக்கா, சும்மா பார்த்துக்கிட்டே இருக்கிறதா? ஏதாவது பண்ணலாமே"ன்னேன்.

"பண்ணிக்கிட்டுதானேடா இருக்கே? தினமும் தண்ணி மாத்தறியே, அதுதான் மருந்து. நீ பார்க்கிறதுக்காக அது சீக்கிரம் குணமாகணுமா?"

அன்னைக்கு ஒண்ணு மட்டும் சேர்த்தாங்க. அயோடின் கலக்காத கல் உப்பு, நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கு. தனியா ஒரு கப்புல முழுசா கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினோம். மறுநாள் பாதித் தண்ணி மாத்தினா பாதி அளவு உப்புதான் மறுபடி சேர்க்கணும். உப்பு தானா ஆவியாகாது இல்லையா? இதையும் மாசக்கணக்குல போடக் கூடாது. பத்து நாளைக்குள்ள நிறுத்திடணும்.

டப்பாவுல தண்ணியை விளிம்பு வரைக்கும் நிரப்பக் கூடாதுன்னும் அக்கா சொன்னாங்க. ஏன்னு கேட்டேன். பதில்ல ஒரு ஹிஸ்டரி பாடமே வந்துச்சு.

நம்ம ஊர்ச் சொந்தக்காரங்க

ஃபைட்டரோட சொந்த ஊர் தாய்லாந்து பக்கம். வயல், சதுப்பு, ஓடாத தண்ணி. 1910-ல பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்னு அறிவியல் பேர் வெச்சாங்க. 2019-ல தாய்லாந்து இதைத் தங்களோட தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சிடுச்சு. வெதுவெதுப்பான ஓடாத தண்ணியில ஆக்ஸிஜன் கம்மி. அதனால செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு தனி உறுப்பு இருக்கு. மேல வந்து நேரா காத்தையே குடிக்கும். சண்டியர் முக்கி முனகி மேல வந்தது இதுக்குத்தான். மேல காத்துக்கு இடம் இல்லைன்னா மீனுக்கு மூச்சு முட்டும்! படுத்த மீனுக்கு ஆழம் கம்மியா இருந்தா மேல வர்ற தூரமும் கம்மி. மூடியில ஓட்டையும் வேணும், மூடியும் வேணும். இவங்க ஹைஜம்ப் சாம்பியன்.

இதே உறுப்பு நம்ம ஊர் மீன்லயும் இருக்கு. பனையேறி கெண்டைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க இருந்த காலத்துல, லெப்டினென்ட் டால்டார்ஃப்னு ஒருத்தர் 1791-ல பனைமரத்துல ஏறிக்கிட்டு இருந்த மீனைப் பிடிச்சதா எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-ல அதை அச்சுல போட்டுச்சு. மரம் ஏறுமாங்கிறதுல அப்புறம் வந்தவங்களுக்கு சந்தேகம்தான். ஆனா ஈரத் தரையில ஊர்ந்து போறது உண்மை. இன்னொரு சொந்தக்காரர் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆத்துக்காரர். விரல் நீளம்கூட இருக்க மாட்டார். 1831-ல பிரெஞ்சு விஞ்ஞானி குவியே அந்த ஆத்துப் பேரையே ஒட்டி 'குப்பானஸ்'னு பேர் வெச்சார். நம்ம பக்கத்து வயல்லயும் வாய்க்கால்லயும் இருக்கிற மீன்தான்.

காத்துல மூச்சு விடறதாலதான் 'இவருக்குச் சின்னக் கிண்ணம் போதும்'னு ஒரு நம்பிக்கை வந்துச்சு. மூச்சுக்கு வேணும்னா போதும். கழிவுக்கு? வயல்ல தண்ணி ஆழம் கம்மிதான், ஆனா பரப்பு எவ்வளவு! கிண்ணத்துல அது இல்லையே.

குளத்துல ஏன் விடக் கூடாது?

அம்மா சொன்னதுல இரக்கம் இருந்துச்சு. ஆனா யோசிங்க. தினமும் டப்பாவுல சாப்பாடு வாங்கிச் சாப்பிட்ட, வாலும் அழுகின மீன் கோயில் குளத்துல எத்தனை நிமிஷம் தாக்குப் பிடிக்கும்? அதோட நோயும் குளத்துக்குப் போகும். பிழைச்சிட்டா அது இன்னொரு பிரச்னை. தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு சொல்லி வித்த டேங்க் க்ளீனர் மீனை ஆளுங்க ஏரியில விட்டுட்டுப் போனாங்க. இப்போ நம்ம ஊர் ஏரிகள்ல வலை போடறவங்களுக்கு அது பெரிய தலைவலி. பாட்டிகிட்ட இதைச் சொன்னதும், "சரி, குளத்துல விட வேண்டாம். பொரியும் வேண்டாம். நீயே பாரு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. பொரி ஏன் வேண்டாம்? ஃபைட்டர் சுத்த அசைவம். பூச்சி, கொசுப்புழுன்னு வாழ்றவர். பொரியும் பிரெட்டும் வயித்தைத்தான் உப்ப வைக்கும். அதுக்காக வீட்டுல கொசுப்புழு வளர்க்காதீங்க, டெங்குவை நாமளே கூப்பிட்ட மாதிரி!

ஆறாவது நாள் காலையில ஒரு உருண்டை தீனியைப் போட்டேன். சண்டியர் மெதுவா மேல வந்தார். பார்த்தார். வாயில வாங்கினார். துப்பினார். மறுபடி வாங்கினார். முழுங்கிட்டார்! வீடே கேட்கிற மாதிரி கத்தினேன். பாட்டி காபி டம்ளரோட ஓடி வந்து, "சாப்டுடுத்தா?"ன்னாங்க.

பன்னிரண்டாவது நாள் வால் ஓரத்துல கண்ணாடிப் பேப்பர் மாதிரி மெல்லிசா ஒரு விளிம்பு தெரிஞ்சது. நிறமே இல்லை. அழுகல் இன்னும் பரவுதோன்னு பயந்துட்டேன். அக்கா சிரிச்சாங்க. அதுதான் புதுசா முளைக்கிற துடுப்பு. நிறம் அப்புறம்தான் ஏறும். உங்க மீனுக்கும் இது தெரிஞ்சா பயப்படாதீங்க, கொண்டாடுங்க.

எல்லாமே சினிமா மாதிரி முடியாது

சண்டியர் கதை கிளாஸ்ல பரவி, மந்தைவெளியிலேர்ந்து ஒரு நண்பன் தன்னோட ஃபைட்டரை பாட்டில்ல எடுத்துட்டு வந்துட்டான். வயிறு உப்பி, செதில் எல்லாம் நட்டுக்கிட்டு, மேலேர்ந்து பார்த்தா பலாப்பழத் தோல் மாதிரி. அக்கா முகம் மாறிடுச்சு. சிறுநீரகம் கெட்டு, உடம்புக்குள்ள நீர் தேங்கினா இப்படி ஆகும். இதுவே தனி நோய் இல்லை, உள்ள பெருசா ஏதோ கெட்டுப் போனதோட அடையாளம். இந்த நிலைமைக்கு வந்தா பெரும்பாலும் திரும்பாது. சுத்தமான தண்ணி, இருட்டு, அமைதி, எல்லாம் கொடுத்தோம். மூணாவது நாள் போயிடுச்சு.

அவன் ரொம்ப நேரம் பேசலை. "ஏதாவது மருந்து ஊத்தியிருந்தா பிழைச்சிருக்குமாடா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டான். "இல்லைடா"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது உண்மை. செம்பருத்தித் தொட்டியில புதைச்சோம்.

பத்து ரூபாய் மீன், ஆயிரம் ரூபாய் மீன்னு இதுல ஒண்ணும் இல்லை பாஸ். நம்ம கையில இருக்கிற வரைக்கும் அதுக்கு நாமதான் ஆறு, நாமதான் மழை.

உங்க மீனுக்கு என்ன?

பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி மீனை உத்துப் பாருங்க.

வால் ஓரம் கருத்தோ பழுத்தோ கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சா: அழுகல். நேரா கிழிஞ்சு, ஓரம் சுத்தமா இருந்தா அது வெறும் கிழிசல். பிளாஸ்டிக் செடிதான் வில்லன். பழைய நைலான் துணியைச் செடி மேல இழுத்துப் பாருங்க, மாட்டினா தூக்கிப் போட்டுடுங்க.

உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி: 'இக்' ஒட்டுண்ணி. மருந்து தேவைதான். ஆனா அந்த மருந்து, ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி தண்ணியில நீந்தற சமயத்துலதான் அதைக் கொல்லும். புள்ளி மறைஞ்சதும் நிறுத்தினா திரும்ப வரும். பாட்டில்ல போட்டிருக்கிற நாள் கணக்கை முடிங்க.

வயிறு மட்டும் உப்பி, செதில் படிஞ்சே இருந்தா: அளவுக்கு மீறின சாப்பாடு. ரெண்டு நாள் பட்டினி போடுங்க. மீன் தாங்கும். அதோட இரைப்பை அதோட கண்ணு சைஸ்தான்னு சொல்லுவாங்க. வேளைக்கு ரெண்டு மூணு உருண்டை, அதுக்கு மேல நம்ம பாசம்தான் அதுக்கு விஷம்.

இதுல எது வந்தாலும் முதல் வேலை தண்ணிதான். ரெண்டு மருந்தை ஒண்ணா கலக்காதீங்க.

மீன் வைத்தியம் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கணுமான்னா, இல்லை. அதுக்குப் படிப்பே இருக்கு. நாலு வருஷம், பி.எஃப்.எஸ்ஸி. தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி 1977-லேர்ந்து இருக்கு. நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல வந்துச்சு. நமக்குப் பக்கத்துல பொன்னேரியிலயே ஒரு கல்லூரி இருக்கு. ப்ளஸ் டூ தம்பி தங்கை இருந்தா காதுல போட்டு வைங்க.

சண்டியர் இப்போ 20 லிட்டர் தொட்டியில இருக்கார். அக்காவோட பழைய தொட்டியிலேர்ந்து பாக்டீரியா குடியிருந்த ஃபில்டர் பஞ்சு ஒண்ணு தானமா வந்துச்சு, அதனால நாலு வாரம் காத்திருக்க வேண்டியது இல்லாம போச்சு. வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்தறேன். பஞ்சைக் குழாய்ல அலசாம, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலேயே அலசறேன். வால்ல ஒரு சின்ன வெட்டு அப்படியே நின்னுடுச்சு. பாட்டி அதை 'வீரத் தழும்பு'ங்கிறாங்க.

உங்க ஃபைட்டர் இந்த நிமிஷம் மூலையில சாய்ஞ்சு கிடக்கிறாரா? பத்திரிகையை மூடி வெச்சுட்டு, முதல்ல ஒரு பக்கெட்டுல தண்ணியைப் பிடிச்சு வைங்க. மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்!